உரல் பாய்ச்சலைப் பற்றி ரெனான்தேவுக்கு

மாம்புவாயா,
காகயான் தெ ஓரோ,
மார்ச் 9

என் கண்ணான மகன் ரெனான்தேவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு உண்மை என்பது போகப் போகத் தெரியும். நீ அங்கே சுகமா, போன மாதம் இருந்த இருமல் விட்டதா, அந்த ஜப்பான் ஆற்றில் பனி உருகி வரும் தண்ணீர் என்றாயே, அதில் காலை எட்டு மணிக்கே இறங்கி ஆட்களுக்குக் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாய், விரல் மரத்துப்போகாமல் இருக்கிறதா, இதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, குடித்துவிட்டு எழுதுகிறாளோ என்று நினைக்காதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கை இருபது நாளாகக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடக்கிறது. பதறாதே, கை இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லியிருக்கலாம்தான், மூன்று ஞாயிறு சொல்லப் பார்த்தேன், போனை எடுத்ததும் நீ அங்கே மழையா என்கிறாய், நான் ஆமாம் மழை, சாப்பிட்டாயா என்கிறேன், நீ சாப்பிட்டேன் என்கிறாய், அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் வாய் வருவதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும். பொறுமையாகப் படி, நடுவில் நிறுத்திவிடாதே.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு பிறக்கிற புக்கித்னோன் மலையில் இந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது, ஆறு பாதி நாள் காபி நிறத்தில்தான் ஓடுகிறது. பாலத்தடியில் புது ஆட்கள் நம்மைப்போலவே ரப்பர்ப் படகில் ஆட்களை ஏற்றிப்போக இரண்டு ராஃப்ட் கம்பெனி போட்டிருக்கிறார்கள், பச்சை ஹெல்மெட், காலை முழுக்கப் பாட்டு அலறுகிறது. நம் வண்டியையும் ராஃப்டையும் இன்னும் சந்தோதான் ஓட்டுகிறான், அவன் பெண்டாட்டிக்கு மூன்றாவதும் பெண். நாய்க்கு ஒரு கண் மங்கிவிட்டது, ஆனாலும் சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால் நீ வருகிறாய் என்று வாசலுக்கு ஓடுகிறது, நான் இறங்குவதைப் பார்த்ததும் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. உன் அப்பா போன பிறகு வீட்டில் நாம் இரண்டு பேர், நீ போன பிறகு நான் ஒருத்தி. இரண்டு வருஷமாகியும் சோறு ஒரு ஆளுக்கு வடிக்க வரவில்லை, மிஞ்சியதைக் காலையில் பூண்டு போட்டு வறுத்து, அதையும் பாதிதான் தின்கிறேன். பகலில் ஒன்றும் தெரியாது. ஆற்றில் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள், நானும் கத்துவேன், துடுப்பை ஆழமாகப் போடு, பாறையைப் பார்க்காதே தண்ணீரைப் பார் என்று. மூன்று மணிக்கு வண்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நனைந்த லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் மாட்டுவது நான்தான். முப்பது ஜாக்கெட் வரிசையாகத் தொங்கும், ஆள் இல்லாத முப்பது உடம்பு மாதிரி. அந்த நேரம்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

பெர்லிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. உனக்கு அவளைத் தெரியாது. கொகோன் சந்தையில் கருவாடு விற்கிறவள், நாற்பத்தெட்டு வயது, என்னைவிட எட்டு வயது சின்னவள், உடம்பு மட்டும் என்னைப்போல் இரண்டு. இரண்டாயிரத்துப் பதினொன்றில் வந்த வெள்ளத்தில் கூரை மேல் உட்கார்ந்து பிழைத்தவள், அதிலிருந்து முகம் கழுவக்கூடத் துணியை நனைத்துத்தான் துடைத்துக்கொள்வாளாம், தலையில் தண்ணீர் பட்டால் மூச்சு நின்றுவிடும் என்றாள். போன ஆகஸ்டில் ஒரு நாள் நேராக என்னிடம் வந்து, “அக்கா, எனக்கு ஆத்துல ஓட்டக் கத்துக்கொடுங்க, செத்தாலும் பரவால்ல, இந்தப் பயத்தோட கருவாடு வித்துக்கிட்டு இருக்க முடியல” என்றாள். உன்னிடம் மறைப்பானேன், நான் சிரித்தேன். “முதல்ல ஒரு வாளித் தண்ணில மூஞ்சிய முக்கிட்டு வா” என்று அனுப்பினேன். மறு வாரம் வாளியோடு வந்து என் கண் முன்னால் முக்கினாள், எழுந்து நின்று, “இப்ப என்ன முக்கணும்?” என்றாள். பிறகு நான் மறுக்கவில்லை. நீச்சல்குளத்தில் ஆரம்பித்து, ஒற்றையாள் கயாக்கில் உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி ரப்பர்ப் பாவாடையைப் பூட்டி, கவிழ்த்து, துடுப்பை வீசி உருண்டு எழுவது வரை ஐந்து மாதம் ஆனது. முதல் தடவை அவள் தானாக உருண்டு எழுந்தபோது மூக்கில் தண்ணீர் ஒழுக என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு அழுதாள். தண்ணீரில் விழுந்தவர்களுக்குக் கயிறு எறியவும் கற்றுக்கொடுத்தேன், ஆற்று வகுப்பில் அதுவும் பாடம்தானே, அவளுக்கு அதுதான் பிடித்துப்போனது, சந்தையில் எடைக்கல்லை வீசுகிற கை, ஒழுங்காகப் போய் விழும்.

இந்த இடத்தில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். போன அக்டோபரிலிருந்தே என் வலது தோள் சரியில்லை. இரண்டு தடவை குழியை விட்டு நழுவியது, நானே சுவரில் முட்டி உள்ளே தள்ளிக்கொண்டேன். சந்தோவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. போனில் நீ கேட்டாய், கை கால் எப்படி என்று, எருமை மாதிரி இருக்கிறேன் என்றேன். ஆற்றில் முப்பது வருஷம், அதில் முதல் பத்து வருஷம் பொம்பளை என்ன ஓட்டுவாள் என்று ஒவ்வொரு காலையும் எவனாவது சொல்வான், அவர்கள் முன்னால் வலிக்கிறது என்று சொல்லிப் பழகவே இல்லை.

போன மாதம் பதினேழாம் தேதி சனிக்கிழமை. சந்தோவின் ராஃப்டில் செபு தீவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஆறு பேர், நான் கயாக்கில் காவலுக்கு, பெர்லிட்டாவுக்கு ஆற்றில் நான்காவது நாள். தண்ணீர் நடுத்தரம்தான். உரல் பாய்ச்சலுக்கு மேலே ஒதுங்கி நிறுத்தினோம். அங்கே பாறைத் திட்டிலிருந்து தண்ணீர் குப்புற விழுந்து, அடியில் குழி பறித்து, விழுந்ததையே திரும்ப இழுத்துப் போட்டு இடிப்பதைப் பார்த்துவிட்டு பெர்லிட்டா, “நான் நடந்தே வர்றேன்க்கா, நான் போயிட்டா என் கருவாட்ட யாரு விப்பா?” என்றாள். செபுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. சும்மா நடக்க விட்டால் கூச்சப்படுவாளே என்று எறிவதற்குக் கயிறு அடைத்த ஒரு பையைக் கையில் கொடுத்து, கீழே தட்டைப் பாறையில் நில் என்று அனுப்பினேன். அவள் மனசுக்காகத்தான் கொடுத்தேன், வேறு எந்த யோசனையும் இல்லை. பிறகு நான் முதலில் இறங்கினேன்.

திட்டின் நுனியில் ஒரு துடுப்புப் போட வேண்டிய நேரத்தில் தோள் கொஞ்சம் யோசித்தது. அவ்வளவுதான். பக்கவாட்டில் விழுந்து கவிழ்ந்தேன். உருண்டு எழத் துடுப்பை வீசினேன், தோளுக்குள் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், தண்ணீருக்குள்ளேயே கேட்டது, அப்புறம் அந்தக் கை என்னுடையது இல்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இடது கையால் பாவாடையைக் கழற்றும் வாரைத் தேடினேன். கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன், கிடைத்தது, இழுத்தேன், வெளியே வந்தேன். வெளியே என்றால் உரலுக்குள். மேலே வந்தால் ஒரு வாய் காற்று, உடனே உள்ளே. மூன்று தடவையோ நான்கோ. ஒரு தடவை மேலே வந்தபோது கயிறு என்னைத் தாண்டி விழுவதைப் பார்த்தேன், எட்டவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன், புதுசாக வந்தவள் இரண்டாவது எறிய மாட்டாள், கயிறு சிக்கிக்கொள்ளும். அவளோ கயிற்றை இழுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே பைக்குள் தண்ணீரை மொண்டு கனமாக்கி மறுபடி எறிந்திருக்கிறாள். பை வந்து என் மூக்கில் விழுந்தது. இடது கையில் பிடித்தேன். பெர்லிட்டா பாறையில் பின்புறத்தை அழுத்தி உட்கார்ந்து இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு இழுக்கிறாள், இழுக்க இழுக்க அலறுகிறாள், “விட்டுடாத! விட்ட, உன்னையும் காய வச்சு கருவாடா வித்துருவேன்! பிடிடி!” என்று. அக்கா என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அதட்டியதில்லை ராசா, கேட்க இனிமையாக இருந்தது.

கரையில் வாந்தி எடுத்தேன். சந்தோ ராஃப்டை மேலேயே கட்டிவிட்டு ஓடி வந்தான், தன் சட்டையைக் கிழித்துக் கையைக் கட்டினான். செபுக்காரர்கள் எல்லாரையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் தோளை உள்ளே தள்ளினார்கள், டாக்டர் சின்னப் பெண், படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், உள்ளே கிழிந்தது கிழிந்ததுதான், கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மறுபடி நழுவும், பாய்ச்சலில் ஓட்டுவது இனி இல்லை என்று. நான் எப்போது ஓட்டலாம் என்று கேட்டேன். அவள் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

ரெனான்தே, நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை. இனிமேல்தான். நீ கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னால், அதே இடம், உனக்கு நினைவிருக்கும், மறக்கும்படியா செய்தேன். முந்தின ராத்திரி மலையில் மழை, ஆறு இரண்டு முழம் ஏறியிருந்தது, உன் தலைமையில் மூன்று ராஃப்ட், இருபது பேர், நீ பாறை மேல் ஏறி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எல்லாரும் இறங்கி நடங்கள் என்றாய். ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் கயாக்கில் உட்கார்ந்து தனியாக உரலில் இறங்கினேன். கீழே வந்ததும் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன், எல்லாரும் கை தட்டினார்கள், நீ கரையோரமாக வந்து நின்றதும் அத்தனை பேர் முன்னால், “என் வயித்துல பொறந்தவனாடா நீ? காலைக் கழுவுற தண்ணிக்குப் பயந்து இருபது பேரை நடக்க வச்சிருக்க, போய்ச் சேலை கட்டிக்க” என்றேன். என்ன வார்த்தை அது, நானே பொம்பளை. அன்றையிலிருந்து பையன்கள் உன்னைக் கரைநடை என்று கூப்பிட்டார்கள், நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். நீ ஜப்பானுக்கு எழுதிப்போட்டதே எனக்குத் தெரியாது, விசா வந்த பிறகுதான் சொன்னாய்.

அன்றைக்கு நானும் கவிழ்ந்தேன். இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. பெரிய பாறைக்குப் பின்னால், கரையில் நின்றவர்களுக்குத் தெரியாத இடத்தில், உரலுக்குள் தலைகீழாக இருந்தேன். மூன்று தடவை வீசியும் எழ வரவில்லை, நான்காவதில் தண்ணீராகப் பார்த்து என்னைத் தூக்கி வெளியே போட்டது, என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அந்த ராஃப்டுகள் உள்ளே போயிருந்தால் இருபது பேரில் எத்தனை பேரை வெளியே எடுத்திருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயந்தேன். அந்தப் பயத்தில் கத்தியதுதான் உன் மேல் விழுந்தது. கத்தாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன், அத்தனை பேர் முன்னால் அழ எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள் காலை, எல்லாரும் கிளம்பும் முன் வட்டமாக நின்று பேசுவோமே, அங்கே போய்த் தூளியோடு நின்று இதை அப்படியே சொன்னேன். ரெனான்தே அன்றைக்குச் செய்ததுதான் சரி, நான் பொய்யாகத் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன், இனி யாராவது அவனை அந்தப் பெயரால் சொன்னால் என் ஒரு கையே போதும் என்று. யாரும் சிரிக்கவில்லை, புதுப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாரும் படகு இறக்கப் போன பிறகு சந்தோ மட்டும் நின்றான். “அக்கா, எனக்குத் தெரியும்க்கா” என்றான். எனக்குப் புரியவில்லை, என்னடா தெரியும் என்றேன். “அன்னிக்கு நான் கீழ கயித்தோட நின்னேன்ல. பாறை மேல நின்ன உங்க பையன் ரெண்டு கையையும் தூக்கிக் குறுக்கக் காட்டினான், கவுந்துட்டாங்கன்னு. நான் எறியறதுக்குக் கைய ஓங்கிட்டேன். அப்புறம் நீங்களா வந்துட்டீங்க” என்றான். பிறகு சொன்னான், “வண்டில வரும்போது எங்கிட்ட வந்து, அண்ணே, அம்மா கவுந்தத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அவங்களால தாங்க முடியாதுன்னான். சத்தியம் வாங்கிக்கிட்டான்கா. நானும் ரெண்டு வருஷமா மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கேன்” என்று.

நீ மற்றவர்களோடு கரையில் இறங்கிவிட்டாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மேலே நின்று பார்த்திருக்கிறாய். அன்று மத்தியானம் முழுக்க ஜாக்கெட் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். தலைகீழாக இருந்தபோது நான் என் மூச்சை எண்ணினேன், மேலே நின்று நீயும் எண்ணியிருப்பாய், எனக்காவது கையில் துடுப்பு இருந்தது, உனக்கு ஒன்றும் இல்லை. எத்தனை வரை எண்ணினாய்? அந்த எண்ணிக்கை முடிந்து அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று பாறையிலிருந்து ஓடி வந்தவனைத்தான் நான் அப்படிப் பேசினேன். நீயும் வாங்கிக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை, நீங்களும்தானே கவிழ்ந்தீர்கள் என்ற ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் உன் பக்கம் திரும்பியிருப்பார்கள். சொல்லாமல் பெட்டியைக் கட்டினாய். என்னை மன்னித்துவிடு மகனே. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் துணிச்சல்காரி என்று பேர் வாங்கினேன், இந்த ஒரு வரியை எழுத மூன்று நாளாயிற்று.

இனி என்ன என்று கேட்பாய். பாய்ச்சலில் நான் இல்லை. பாலத்துக்குக் கீழே ஓட்டமில்லாத தண்ணீரில் கற்றுக்கொடுக்கப் போகிறேன், பெர்லிட்டா சந்தையிலிருந்து காய்கறிக்காரி, முட்டைக்காரி என்று நாலு பேரை ஏற்கெனவே சேர்த்துவிட்டாள், எல்லாரும் வாளியோடு பயிற்சியில் இருக்கிறார்களாம். உரலுக்கு மேலே பாறையில் நானும் சந்தோவும் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், தண்ணீர் அதைத் தொட்டால் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தாலும். சாயங்காலம் பெர்லிட்டா வந்து என் தலையை வாரிவிட்டுப் போகிறாள், ஒரு கையால் சடை போட வராது பார். அவள் போன பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது. போன சனிக்கிழமை ராஃப்டுகள் கிளம்பும்போது கரையில் நின்று கை காட்டினேன். முப்பது வருஷத்தில் நான் இல்லாமல் அவை கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. வளைவு திரும்பும் வரை அவர்கள் கத்துவது கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. கரையில் விடப்படுவது எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இதைச் சொல்லி உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை, அங்கே உன்னை மதிக்கிறார்கள், உன் சொல்லுக்கு ஆட்கள் இறங்கி நடக்கிறார்கள் என்று நீ பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொன்னாய், அது போதும், அங்கேயே இரு.

கடவுள் உன் கையையும் தோளையும் காப்பாற்றட்டும், நீ இறங்குகிற தண்ணீர் உன்னைத் திரும்பக் கரையில் விடட்டும், உன் பக்கத்தில் எப்போதும் ஒரு நல்ல ஆள் கயிற்றோடு நிற்கட்டும். இருமலுக்கு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடி, ஈரச் சட்டையோடு வண்டியில் ஏறாதே. தோளில் சின்ன வலி என்றாலும் உடனே சொல்லிவிடு, என்னைப்போல் சுவரில் முட்டிக்கொள்ளாதே. இந்தக் கடிதத்துக்கு நல்ல வார்த்தையாகப் பதில் எழுத வேண்டும் என்று கஷ்டப்படாதே. அன்றைக்குப் பாறை மேலிருந்து இறங்கி வரும்போது என்னிடம் என்ன சொல்ல நினைத்து வந்தாயோ, அதை அப்படியே எழுதி அனுப்பு. எவ்வளவு காரமாக இருந்தாலும் சரி, உட்கார்ந்துதான் படிப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
நெனிட்டா